கையெழுத்துப் போடாத வருஷம்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். ரெண்டு வருஷமா நம்மகிட்ட தூயமல்லி அரிசி வாங்குறவர். பேச்சுவாக்கில், இந்த வருஷத்துக்கான இயற்கை விவசாயச் சான்றிதழைப் புதுப்பிக்கிற வேலை நடக்குது, அதான் அரிசி அனுப்ப ரெண்டு நாள் தாமதம்னு சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, பத்து வருஷத்துக்கு மேல பண்றீங்க. இன்னும் வருஷா வருஷம் உங்களை நிரூபிக்கச் சொல்றது அநியாயம் இல்லையா? விஷம் அடிக்கிறவன்கிட்ட யாரும் ஒரு பேப்பரும் கேக்குறதில்ல. அடிக்காதவன்தான் அலையணுமா? முன்னாடி டிரைவிங் லைசென்ஸ் கொடுத்த மாதிரி மொத்தமா இருபது வருஷத்துக்குக் கொடுத்தா என்ன?"

என் மேல் உள்ள பாசத்தில் கேட்டது. எங்க ஊர்ப் பக்கத்து இயற்கை விவசாயிகளில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். ஒரு காலத்தில் நானும் மேடை கிடைத்தால் இதைத்தான் பேசினேன். இப்போ பேசுவதில்லை. புதுப்பிக்கத்தான் வேணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும் என்பதுதான் இன்றைக்கு என் கருத்து. ஏன் மாறினேன் என்று சொல்கிறேன்.

முதலில், இந்தச் சான்று எப்படிக் கிடைக்கிறது என்று டவுனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் நாட்டில் ரெண்டு வழி இருக்கு. ஒன்று, வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து ஆய்வு செய்து கொடுப்பது. 2001-இல் மத்திய அரசின் வணிக அமைச்சகம் கொண்டுவந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் இது வரும். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையே இந்தச் சான்றைத் தருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப இதுதான் வேண்டும். ஒரு வருஷத்துப் பயிருக்கு ரெண்டு வருஷம், மா, தென்னை மாதிரி மரப்பயிருக்கு மூணு வருஷம் மாறுதல் காலம். அந்தக் காலத்தில் ரசாயனம் தொடக் கூடாது, ஆனால் 'அங்ககம்' என்று விற்கவும் முடியாது.

இன்னொன்று பி.ஜி.எஸ்., அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை. இது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. குறைந்தது அஞ்சு விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு. வெளியாள் ஆய்வுக்கு வரவேண்டியதில்லை. ஒருத்தர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து, குறை நிறை எழுதி, கையெழுத்துப் போடணும். மாறுதல் காலத்தில் இருப்பவருக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முடித்தவருக்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். கடையில் பொட்டலம் போட்டு 'ஆர்கானிக்' என்று விற்க இந்த ரெண்டில் ஒன்று கட்டாயம். சின்ன விவசாயி சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் அதற்கு விலக்கு உண்டு.

எங்க குழு பி.ஜி.எஸ். குழு. மொத்தம் ஏழு பேர். சென்னைத் தம்பிக்கு நேராக அனுப்புற அரிசிக்குச் சான்று தேவையில்லை. ஆனால் எங்க கடலையும் எள்ளும் மதுரையில் ஒரு கடைக்குப் போகிறது, அதற்கு வேண்டும். குழுவில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று பாரம் நிரப்புற வேலை என் தலையில் விழுந்தது.

இப்போ கதைக்கு வருகிறேன்.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அமெரிக்காக் கண்டத்துப் புழு. முதலில் கர்நாடகத்தில் பார்த்தார்கள், அந்த வருஷமே நம்ம பக்கமும் வந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். மரத்தூள் மாதிரி எச்சம் குருத்தில் கிடந்தால் உள்ளே புழு இருக்குன்னு அர்த்தம். நாங்கள் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தோம், குருத்தில் மணலும் சாம்பலும் போட்டோம், இனக்கவர்ச்சிப் பொறி கட்டினோம். சில வயல் தப்பியது, சில வயல் போனது.

அதற்கு அடுத்த வருஷம் கார்த்திகையில் புதுப்பிப்புக்கான வயல் பார்வை. என் மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் கூடப் பிறந்த தம்பி, எங்க குழுவில் ஒருத்தன். அவன் வயலுக்கு மூணு பேர் போனோம். நான், எங்க எல்லாருக்கும் மூத்த ஒரு அண்ணன், கீழத்தெரு அக்கா ஒருத்தர்.

மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. அடி இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை. மேலே புதுசாக வந்த இலையில் ஒரு பொத்தல் இல்லை. அக்கா ஒரு குருத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே செத்த புழு. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் செத்த புழு. வேப்பங்கொட்டை அப்படிக் கொல்லாது. புழுவைத் தின்ன விடாமல், வளர விடாமல் மெதுவாகத்தான் வேலை செய்யும். வரப்பு எருக்கஞ்செடி அடியில் ஒரு மருந்து பாட்டில் மூடி கிடந்தது.

மூடி காற்றில் வந்திருக்கலாம், பக்கத்து வயல்காரர் போட்டிருக்கலாம். அதனால் அவனிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமா மாமா. ஒரே ஒரு தடவதான். ரெண்டு தடவ வேப்பங்கொட்ட அடிச்சேன், ரெண்டையும் மழை கழுவிருச்சு. பொண்ணு காலேஜ் பீஸ் இந்தச் சோளத்துலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியும்ல, வீட்டு நகையெல்லாம் பேங்க்ல கெடக்கு."

தெரியும். அந்த நகையை அடகு வைக்க அவன் கூடப் போனவனே நான்தான்.

மூத்த அண்ணன் சொன்னார், "சரி விடுப்பா, ஒரு ஏக்கர்தானே. எழுத வேணாம். அடுத்த தடவ பாத்துக்கலாம்." நானும் தலையாட்டத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்றேன், பேனாவை மூடிவிட்டேன். அப்போ அக்கா சொன்னார்: "இன்னிக்கு இத எழுதாம விட்டா, போன வாரம் என் வயலப் பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கு என்ன மரியாதை?"

அந்த அக்கா வயலில் அந்த வருஷம் பாதிச் சோளம் புழுவுக்குப் போயிருந்தது. அவருக்கும் கடன் இருந்தது. அவர் அடிக்கவில்லை.

எழுதினோம். கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷம் பட்டியலில் அவன் பேர் இல்லை. மாறுதல் காலத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்று முடிவாச்சு. அந்த நிலத்தில் அடுத்துப் போட்ட கடலையை மதுரைக் கடை எடுக்கவில்லை, மண்டியில் ஊரோடு ஒண்ணாகப் போட்டான். நஷ்டம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவன் சொல்லவும் இல்லை. எட்டு மாசம் எங்க வீட்டு வாசல் மிதிக்கவில்லை. "என் தம்பி சோத்துல மண்ணப் போட்டுட்டு உங்களுக்குச் சான்று ஒரு கேடா"ன்னு வீட்டில் கேட்டாள். என்ன பதில் சொல்ல முடியும்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அன்றையிலிருந்துதான் எனக்கு இந்தச் சான்றின் மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை அது எனக்கு ஒரு பேப்பர். கையெழுத்து மறுக்க முடியாத இடத்தில் போடுற கையெழுத்துக்கு விலை கிடையாது. மச்சினனுக்கே போடாமல் இருக்க முடியும் என்று ஆன பிறகுதான் மற்ற ஆறு கையெழுத்துக்கும் பொருள் வந்தது.

என் மச்சினன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் முக்கியம். அதற்கு முந்தின அஞ்சு வருஷமும் சுத்தமாக விவசாயம் பண்ணினவன். இருபது வருஷச் சான்று கையில் இருந்திருந்தால், அந்த ஒரு ராத்திரி நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த புழுவுக்கு அடுத்த ராத்திரி. விவசாயி நல்லவனா கெட்டவனா என்று இந்தச் சான்று சொல்வதில்லை. இந்த வருஷம் இந்த வயலில் என்ன நடந்தது என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு வருஷமும் புது மழை, புது புழு, புதுக் கடன். அப்போ பேப்பர் மட்டும் எப்படி பழசாக இருக்க முடியும்?

'விஷம் அடிக்கிறவனை யாரும் கேக்குறதில்லையே' என்பதற்கும் பதில் சொல்லணும். கேட்கணும்தான். எந்த மருந்து, எப்போ அடித்தார்கள் என்று அவர்களும் எழுதி வைக்கிற காலம் வரணும். ஆனால் அவர்களைக் கேட்காததால் என்னையும் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கூடுதல் விலை வாங்குகிறேன். நீங்கள் அரிசிக்கு மட்டும் அந்தக் காசு தரவில்லை, நம்பிக்கைக்கும் சேர்த்துத் தருகிறீர்கள். அதற்குக் கணக்குக் காட்டுவது என் கடமை.

அப்போ இப்போ நடக்கிற புதுப்பிப்பு எல்லாம் சரியா? இல்லை. இங்கேதான் எனக்குச் சண்டை.

பண்ணைக் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. என்றைக்கு உழுதோம், எந்த விதை, மருந்து கலக்காத விதைதானா, ஜீவாமிர்தம் எத்தனை லிட்டர் விட்டோம், எல்லாம் அன்றன்றைக்கு எழுதணும். நான் பார்த்த சில குறிப்பேடுகளில் பன்னிரண்டு மாசமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. புதுப்பிக்கிற தேதிக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதினது. எழுதிக் கொடுக்கவே காசு வாங்குற ஆட்களும் இருக்கிறார்கள். சில குழுக்களில் வயல் பார்வை அறுவடை முடிந்த பிறகு நடக்கிறது. தாளைப் பார்த்து என்ன தெரியும்? மாடு மேய்ந்தது தெரியும்.

புதுப்பிப்பை எடுக்கச் சொல்லாதீர்கள், அதை வயலுக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்கிறேன். பயிர் நிற்கும்போது, புழு இருக்கும்போது பார்க்கணும். பாரத்தில் பக்கங்களைக் குறைத்து, நடக்கிற நேரத்தைக் கூட்டணும். இன்னொன்றும் வேணும். உண்மையைச் சொல்லி நஷ்டப்பட்டவனைத் தூக்கி நிறுத்த ஒரு ஏற்பாடு. பொய் சொன்னால் லாபம், உண்மை சொன்னால் மகள் படிப்பு போகும் என்று இருந்தால் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? இப்போ எங்க குழுவில் ஒவ்வொரு அறுவடையிலும் ஆளுக்குக் கொஞ்சம் பொதுவில் போட்டு வைக்கிறோம். புழுவுக்கு விட்டவருக்கு அதிலிருந்து கொடுக்கிறோம். ரொம்பச் சின்னத் தொகைதான். ஆனால் ராத்திரி மருந்துக் கடைக்குப் போறவன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க அது உதவுது.

மச்சினன் அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பித்தான். அதற்கு அடுத்த வருஷம் என் வயலைப் பார்க்க வந்த மூணு பேரில் அவனும் ஒருத்தன். வயலைச் சுற்றினான், ஒண்ணும் சொல்லவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய் என் தெளிப்பானைத் திறந்து மூக்கை வைத்தான். "மாமா, இது யாருகிட்ட போயிட்டு வந்துச்சு?"

பக்கத்துப் பருத்திக்காரர் ஒரு நாள் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வந்ததை நான் கழுவக்கூட இல்லை. நல்லவேளை, அதற்கப்புறம் அதில் எதுவும் அடிக்கவும் இல்லை. அதோடு பஞ்சகவ்யா ஊற்றி அடித்திருந்தால், டேங்கில் ஒட்டியிருந்த மருந்தும் என் நெல்லில்தான் இறங்கியிருக்கும். 'தெளிப்பான் வெளியாளுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது, புதிது வாங்க வேண்டும்' என்று எழுதினான். வாங்கின ரசீதைக் காட்டின பிறகுதான் கையெழுத்துப் போட்டான். பத்து வருஷ அனுபவம்னு மார்தட்டினவனுக்கு அது தேவைதான்.

அதனால், இனிமேல் யாரிடமாவது சான்றிதழ் கேட்டால் முதலில் பேரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். அப்புறம் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மண் கறையும் அடித்தலும் திருத்தலும் இருந்தால் பெரும்பாலும் நல்ல குறிப்பேடு.

வர்ற கார்த்திகையில் எங்க குழு வயல் பார்க்குது. சென்னைத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வரலாம். எங்களோடு வரப்பில் நடந்து, குருத்தைப் பிரித்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு எங்க வீட்டில். அன்றைக்கு என் மச்சினனும் வருவான், அவன் அக்கா சமைப்பாள்.