பழைய பூனையைச் சாக்கில் கட்டாதீர்கள்!

ஜேடர்பாளையம். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிப் படுகை அணை உள்ள ஊர். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் கரும்பும் வாழையும். நடுவே வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள்.

கரும்பு இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சம் இல்லை. எலி இருக்கும் வீட்டுக்குப் பூனை வேண்டும். போதாக்குறைக்கு அணைப் பக்கம் மீன் வறுக்கும் கடைகள் வேறு. பூனைக்கு இதை விட நல்ல ஊர் கிடைக்குமா?

ஆனால் இங்கு மட்டும் அல்ல, தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் பூனைக்கு ஒரு கொடுமை நடக்கிறது.

வீட்டில் ஏழெட்டு வயதுப் பூனை ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டில் பூனை குட்டி போடும். பிள்ளைகள் ஒரு குட்டியைத் தூக்கி வந்து கூடத்தில் விடும். பெரிய பூனை சீறும். கையை ஓங்கி ஓர் அடி வைக்கும். குட்டி அலறும்.

"ஏனுங்க, பெருசு குட்டியைக் கொன்னு போடுமுங்க!" என்று வீடே கூடும். பெரிய பூனைக்கு விளக்குமாற்று அடி விழும். நாலாம் நாள் அதைச் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அக்கரையிலோ சந்தைப் பக்கமோ அவிழ்த்து விட்டு வந்து விடுவார்கள்.

இத்தனை நாள் எலி பிடித்த பூனைக்கு இதுதான் கூலியா?

குற்றவாளி யார்?

பூனை அல்ல. அவசரப்பட்ட மனிதர்கள்தான்!

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது நாயைப் போலக் கூட்டமாகத் திரியாது. தன் எல்லைக்குள் தனியாக வேட்டையாடும். மனிதனோடு பழகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் அந்தக் குணம் போகவில்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்திய மனிதக் கல்லறை அருகே பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. இதை விஞ்ஞானிகள் 2004-ல் வெளியிட்டார்கள்.

பூனைக்கு ஆதாரம் மூக்கு. கதவிலும் கட்டில் காலிலும் கன்னத்தை உரசுகிறதே, அது கொஞ்சல் மட்டும் அல்ல. "இது என் இடம்" என்று தன் வாசனையைப் பூசி வைக்கிறது. அந்த இடத்தில் திடீரென்று வேறொரு வாசனை வந்து விழுந்தால் சீறாமல் என்ன செய்யும்?

சீறுவது சண்டை அல்ல. "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. அதற்கு அடித்தால் என்ன ஆகும்? "இந்தக் குட்டி வந்தால் எனக்கு அடி விழுகிறது" என்றுதான் அது கற்றுக் கொள்ளும். பகை இரண்டு மடங்காகும்!

என்ன செய்ய வேண்டும்?

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது. கொண்டு வந்ததும் தனி அறையில் வைக்க வேண்டும். சாமான் அறை போதும். தனித் தட்டு, தனித் தண்ணீர், மணல் போட்ட ஒரு தட்டு. ஒரு வாரமாவது இரண்டும் முகம் பார்க்கக் கூடாது.

குட்டி படுத்த துணியைப் பெரிய பூனையின் பக்கம் போடுங்கள். பெரியது படுத்த துணியைக் குட்டிக்குப் போடுங்கள். ஆளைப் பார்க்கும் முன்பே வாசனை பழகி விடும்.

அடுத்து, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் பெரியதற்கும் அந்தப் பக்கம் குட்டிக்கும் தீனி வையுங்கள். அந்த வாசனை வந்தால் மீன் வரும் என்று இரண்டும் புரிந்து கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் முகம் காட்டுவது. கோழி அடைக்கும் கூடை இருக்கிறதே, அதற்குள் குட்டியை விட்டு, பெரியதைச் சுற்றி வரச் சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். பிறகு நேரத்தைக் கூட்டலாம். கடைசியில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது அவிழ்த்து விடலாம்.

உருண்டு புரண்டு சண்டை போட்டால் பழைய படிக்குத் திரும்புங்கள். நடுவில் கையை விடக் கூடாது. முறத்தையோ அட்டையையோ குறுக்கே நீட்டுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் பூனையாலும் வரும்.

தனி அறைக்கு இன்னொரு பலனும் உண்டு. குட்டிகளைக் கூண்டோடு கொல்லும் தொற்றுநோய் ஒன்று இருக்கிறது. வாந்தி, பேதி கண்டு சுருண்டு விடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் இருந்தே இருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் அங்கே போகிறவர்கள் பூனையையும் கொண்டு போகலாமே!

"பூனைக்கு இத்தனை உபசாரமா?" என்று சிலர் கேட்பார்கள்.

புது மருமகளைக் கூட விளக்கேற்றி, பால் பழம் கொடுத்துத்தான் வீட்டுக்குள் அழைக்கிறோம். அப்படியும் மாமியாரோடு ஒத்துப் போக மாதக் கணக்கு ஆகிறது. வாயில்லாத ஜீவன் மட்டும் ஒரே மத்தியானத்தில் பழகி விட வேண்டுமா?

சில வீட்டில் பத்து நாளில் பழகும். சில வீட்டில் ஒரு மாதம் ஆகும். கடைசி வரை ஒட்டாத பூனைகளும் உண்டு. ஒன்று திண்ணையிலும் ஒன்று அடுப்படியிலும் கிடந்தால் என்ன குறைந்து விட்டது? தட்டு வேறு, படுக்கை வேறு என்று வைத்தால் போதும்.

சாக்கில் போய் இறங்கிய பூனையின் கதி என்ன? அது இன்னொரு பூனையின் எல்லை. தெரு நாய்கள் வேறு. வயதான பூனை வீட்டைத் தேடியே சாகும்.

சட்டமும் இருக்கிறது. வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை.

"ஐம்பது ரூபாய்தானே" என்று சிலர் சிரிக்கலாம். சட்டம் போட்ட விலை அவ்வளவுதான். இத்தனை ஆண்டு தானியத்தைக் காத்த உயிரின் விலை அதுவா?

குட்டிக்குப் புதுத் தட்டு வையுங்கள். பெரியதன் தட்டை எடுக்காதீர்கள். முதல் மீன் துண்டும் பெரியதற்கே போகட்டும்!