முயல் குட்டிக்கு வயிறு சரியில்லையா?

முயலைப் போலச் சாதுவான பிராணி வேறு இல்லை. அது குரைக்காது, அடுத்த வீட்டாரோடு நமக்குச் சண்டை மூட்டாது. மொட்டை மாடியில் நிழலாக ஓர் இடமும் இரண்டு கூண்டும் இருந்தால் போதும், ஒரு ஜோடி சில மாதங்களில் ஒரு குடும்பமாகிவிடும். நம் பெண்மணிகள் பலர் இதைச் சிறு வருமானத்துக்கு வழியாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று முயல் வளர்ப்புக்காகவும் பாடுபட்டு வருகிறது.

ஆனால் இந்தச் சாதுவிடம் ஒரு குணம் உண்டு. உடம்புக்கு வந்தால் வெளியே காட்டிக்கொள்ளாது. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். நாம் கவனிப்பதற்குள் பாதி நோய் முற்றியிருக்கும்.

பால் மறந்த குட்டிகள்தாம் பெரும்பாலும் இப்படிப் போகின்றன. பிறந்து நாலு வாரம் முதல் மூன்று, நாலு மாதம் வரை ஆபத்தான பருவம். நேற்று வரை துள்ளிய குட்டி இன்று தீனியைத் தொடாது. வயிறு பானைபோல் உப்பும். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். ரோமம் பளபளப்பை இழந்து சிலிர்த்து நிற்கும். பின்பக்கம் கழிச்சலால் நனைந்திருக்கும். ஒன்று போன மூன்றாம் நாள் இன்னொன்று போகும். "கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. "முட்டைக்கோஸ் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் வீட்டுக்காரர். ஈரத் தழையை அளவுக்கு மீறிப் போட்டால் வயிறு இளகுவது உண்மைதான். ஆனால் குட்டிகள் வரிசையாகச் சாகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காக்ஸிடியோஸிஸ் என்ற ஒட்டுண்ணி நோயை.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

இந்த ஒட்டுண்ணியின் பெயர் ஐமீரியா. புழு அல்ல, ஒரே அணுவால் ஆன நுண்ணுயிர். முயலைப் பிடிப்பவற்றில் பத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகை ஈரலில் பித்தக் குழாய்களில் குடியேறும். மற்றவை குடலின் உள்தோலுக்குள் புகுந்து பெருகி, அந்தத் தோலையே சிதைத்துவிடும். பிறகு தின்ற தீனி எப்படி ஜீரணமாகும்?

இதை மனிதர் கண்டது நேற்று இன்றல்ல. ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே 1674-ல் ஒரு கிழ முயலின் பித்த நீரைப் பார்த்தார். முட்டை வடிவில் சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. அவை ஈரலைப் பிடிக்கும் அந்த வகையின் உறைகளே என்று பிற்கால விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நோய் எப்படித் தொற்றுகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சகோதரிகளே. நோயைத் தடுக்கும் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் தாய் முயலின் குடலிலேயே இந்தக் கிருமி இருக்கக்கூடும். அதன் புழுக்கையோடு கிருமியின் உறைகள் வெளியே விழுகின்றன. விழுந்தவுடன் அவற்றால் தீங்கு இல்லை. காற்றும் ஈரமும் மிதமான சூடும் கிடைத்தால், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் ஒவ்வோர் உறைக்குள்ளும் எட்டுக் கிருமிகள் தயாராகிவிடும். அதற்குப் பிறகு அந்த உறை குட்டியின் வாய்க்குள் போனால்தான் நோய்.

முயல் தன் ஆசனவாயில் வாய் வைத்து மெத்தென்ற புழுக்கையைத் தின்பதைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள். அதைத் தடுக்க வேண்டாம். ஒரு தடவை ஜீரணமானதிலிருந்து மிச்சச் சத்தை எடுத்துக்கொள்ள முயலுக்கு இயற்கை தந்த வழி அது. சுடச்சுடத் தின்பதால் அந்த உறைகள் முதிர்வதற்கு நேரமில்லை. ஆபத்தெல்லாம் தரையில் கிடந்து ஊறிய பழைய புழுக்கையில்தான். குட்டி அதை மிதிக்கும்; பிறகு பாதத்தை நக்கும். தரையில் போட்ட புல்லிலும், கவிழ்ந்த தண்ணீர்க் கிண்ணத்திலும் அதுவே கலக்கும்.

ஆகவே, புழுக்கையை நாள் தவறாமல் அப்புறப்படுத்தினால், உறைகள் முதிர்வதற்குள் பெரும்பாலானவற்றை வெளியேற்றிவிடலாம்.

செய்ய வேண்டியவை

கூண்டின் தரை கம்பி வலையாக இருக்கட்டும். புழுக்கை கீழே விழுந்துவிடும். வலையில் ஒட்டியதைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். புல்லையும் கீரையையும் தரையில் போடாமல் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் புழுக்கை விழாத உயரத்தில் இருக்க வேண்டும். பால் மறந்த குட்டிகளை ஒரே கூண்டில் அடைக்காதீர்கள். புதிதாக வாங்கிய முயலைச் சில வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

"நான்தான் தினமும் ஃபினாயில் போட்டுக் கழுவுகிறேனே!" என்பீர்கள். இந்த உறைகள் ஃபினாயிலுக்கு மசிவதில்லை. கொதிக்கும் வெந்நீருக்கும் நல்ல வெயிலுக்கும்தான் பயப்படும். முயலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கூண்டைத் தேய்த்து, கொதிநீரை ஊற்றி, ஈரமே இல்லாமல் வெயிலில் காயவிடுங்கள். கழுவிய ஈரத்தோடு குட்டிகளை உள்ளே விட்டால், கழுவியதால் பயனில்லை.

வைத்தியம்

நோய் கண்டால் தாமதிக்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதிய புழுக்கையைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். குட்டி இறந்துவிட்டதா? புதைத்துவிடாமல் அதையும் கொண்டு போங்கள். கிருமி புகுந்து சில நாள் கழித்துத்தான் புழுக்கையில் உறை தென்படும். அதற்குள்ளேயே குட்டி இறந்துவிடலாம். வயிற்றைத் திறந்து பார்த்தால் டாக்டருக்கு விஷயம் விளங்கும். எஞ்சிய குட்டிகள் பிழைக்கும்.

ஸல்ஃபா வகை மருந்துகளும் டோல்ட்ராஸுரில் என்ற மருந்தும் இதற்குப் பயன்படுகின்றன. எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். மருந்து கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அமாக்ஸிஸிலின் மாத்திரையைப் பொடித்து முயலுக்குப் புகட்டிவிடாதீர்கள். ஐமீரியாவை அது ஒன்றும் செய்யாது. முயலின் ஜீரணத்துக்கு உதவும் நல்ல கிருமிகளைக் கொன்று, விஷக் கிருமிகள் பெருக இடம் கொடுத்துவிடும். நோயால் பிழைத்திருக்கக்கூடிய முயல் மருந்தால் சாகும்.

குழந்தைகளுக்கு வருமா?

தாய்மார்களின் முதல் கவலை இதுதானே? முயலின் ஐமீரியா மனிதரைத் தொற்றுவதில்லை. சில சமயம் புழுக்கையில் தென்படும் வெள்ளை நூல்புழுவும் நம் குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி அல்ல. ஆனாலும் முயலைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். வேறு கிருமிகளும் உலகில் இருக்கின்றன.

வீட்டில் நாய் இருந்தால் இன்னொன்று. நாயின் நாடாப்புழு ஒன்று முயலின் வயிற்றுக்குள் நீர்க்கட்டியாக வளரும். முயலின் குடலையோ ஈரலையோ பச்சையாக நாய்க்கு எறிந்தால் நாய்க்குப் புழு. நாய் மலம் கழித்த இடத்துப் புல்லை அறுத்துப் போட்டால் முயலுக்குக் கட்டி. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

தினமும் காலையில் காப்பி கலப்பதற்கு முன் பத்து நிமிஷம் கூண்டருகே போங்கள். தீனி மிச்சமிருக்கிறதா, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா, எந்தக் குட்டி ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு குட்டியையும் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை ஏறாத குட்டிதான் நோயை முதலில் சொல்லும் குட்டி.