கரைத்தீவுப் பிரகடனம்: காற்றிலும் வெயிலிலும் பங்கு கேட்கிறோம்

புத்தளம் களப்பையும் கடலையும் நம்பி வாழும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் கரைத்தீவில் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

சோளகம் எழும்பினால் எங்கள் வள்ளங்கள் கரையேறும். அந்தக் காற்றை நம்பித்தான் 2010 முதல் கற்பிட்டிக் குடாநாட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே குடாநாட்டின் நுரைச்சோலையில் 900 மெகாவோற் அனல்மின் நிலையமும் நிற்கிறது. காற்றாலைக்கு ஒருமுறை டொலர் வேண்டும். நிலக்கரிக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் வேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தது. நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு.

2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அரசு இலக்கு வைத்தது. காற்றும் வெயிலும் போதாமல் அது தள்ளிப்போகவில்லை; அவற்றைத் தாங்க மின்கட்டமைப்பு தயாராக இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாட்டையே அணைத்தது. பழி, அங்கே புகுந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு குரங்கின் தலையில் விழுந்தது. பாவம் குரங்கு! விடுமுறைப் பகலில் மின் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழலிகள் போதிய அளவில் ஓடவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. திரும்ப இயங்க நாட்கள் சென்றன. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத் தொகுதிகளை முன்பே நிறுவியிருந்தால் இப்படிக் கேட்க நேர்ந்திராது.

ஒப்பந்தங்களின் கதை இன்னும் மோசம். 2022 ஜூனில் நிறைவேறிய மின்சாரச் சட்டத் திருத்தம் போட்டி விலைமனுக் கட்டாயத்தை நீக்கியது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோற் காற்றாலைகள் விலைமனுவின்றி அதானி குழுமத்துக்குப் போயின. அலகு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையைக் குறைக்கப் புதிய அரசு முயன்றது. 2025 பெப்ரவரியில் குழுமம் விலகியது. வலசைப் பறவைகளையும் மீன்பிடியையும் பற்றி மன்னார் மக்கள் எழுப்பிய கேள்விகளோ அப்படியே நிற்கின்றன.

நாம் காற்றாலைக்கு எதிரிகள் அல்லர். ஆனால் புத்தளம் மக்களின் எதிர்ப்பையும் மீறி அருவக்காட்டுக்குக் கொழும்புக் குப்பை வந்ததுபோல் இனி எதுவும் இங்கே வரக்கூடாது. சுற்றாடல் அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் முதலில் எங்கள் கைக்கு வரவேண்டும். வள்ளப் பாதையையும் பறவைப் பாதையையும் வரைபடத்தில் குறித்த பின்பே கோபுரத்துக்கு இடம் பார்க்கலாம். விலைமனு எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கும் ஒவ்வொரு அலகிலும் கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு வேண்டும். நீர்த்தாங்கியும் பள்ளிச் சீருடையும் நன்கொடை; அவற்றைப் பங்காக ஏற்கமாட்டோம்.

இவ்வியக்கம் எந்த மின் நிறுவனத்திடமும் கட்சியிடமும் காசு வாங்காது. முடிவுகள் ஊர்ப் பொதுக்கூட்டத்தில், பெண்களும் இருக்கும் சபையில், கையுயர்த்தி எடுக்கப்படும்.