"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்!" திடீரென்று ஆள் மாறுவது ஏன்? மயக்கும் கும்பல்கள் பற்றி ஒரு அலசல்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பேச்சு காதில் விழும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான். திடீர்னு ஆளே மாறிட்டான்யா!"

வேலைக்குப் போவதில்லை. கூட்டாளிகளோடு பேச்சு இல்லை. பெற்ற தாயைப் பார்த்தே "நீ பாவி" என்கிறான். பெண்டாட்டி தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. கேட்டால் ஒரு 'குரு' பெயர், இல்லாவிட்டால் ஒரு 'சபை' பெயர், அதுவும் இல்லாவிட்டால் ஒரு 'ஐயா' பெயர். அவர் சொன்னால் அதுதான் வேதம்.

"யாரோ வசியம் வெச்சிட்டாங்க" என்று வீட்டில் அழுகிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? இது வசியமும் இல்லை, மந்திரமும் இல்லை என்கிறது மனநல மருத்துவம். திடீர் மாற்றமும் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் அது திடீர். மாறியவருக்கு அது மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், படிப்படியாக நடந்த விஷயம்.

தமிழகத்தை உலுக்கிய ஆசிரமம்

வெகுதூரம் போக வேண்டாம். பிரேமானந்தா வழக்கையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இருந்து 1980களில் தமிழகம் வந்தவர். புதுக்கோட்டை மாவட்டம் பாத்திமா நகரில் ஆசிரமம் வைத்தார். கையில் விபூதி வரவழைப்பார், வாயில் இருந்து லிங்கம் எடுப்பார் என்று கூட்டம் குவிந்தது. ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கிறார் என்று நல்ல பெயரும் கிடைத்தது.

1994ல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாயைத் திறந்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தது. 1997ல் புதுக்கோட்டை கோர்ட்டு பாலியல் பலாத்காரம், கொலை ஆகிய குற்றங்களுக்காக அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005ல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. 2011ல் கைதியாகவே இறந்து போனார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தீர்ப்பு வந்த பிறகும் "எங்க சாமி நிரபராதி" என்று சொன்ன பக்தர்கள் ஏராளம். அதில் படித்தவர்கள் உண்டு, வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. அவர்கள் எல்லாம் முட்டாள்களா? இல்லை. பத்து வருஷம் ஒருவரைக் கடவுளாக நம்பி, காசைக் கொடுத்து, சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொண்ட பிறகு "நான் ஏமாந்துட்டேன்" என்று ஒத்துக்கொள்வது சாதாரணம் இல்லை. அந்த வலியைத் தாங்க முடியாத மனசு, "கோர்ட்டுதான் தப்பு, போலீஸ்தான் பொய்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

சீட்டு கட்டி ஏமாந்தவர் "அடுத்த மாசம் எப்படியும் வந்துடும்" என்று கடைசி வரை சொல்வார் இல்லையா? அதே மனசுதான் இது.

சோறு போட்டு ஆரம்பித்தவர்

உலகத்தையே அதிர வைத்தது அமெரிக்காவின் ஜிம் ஜோன்ஸ் விவகாரம். இவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஏழைகளுக்குச் சோறு போட்டார். வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரும் சபை நடத்தினார். வயசானவர்களைக் கவனித்துக்கொண்டார். அதை நம்பித்தான் ஜனம் பின்னால் போனது.

அப்புறம் வீட்டை எழுதி வாங்கினார். தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் கூட்டிப் போனார். வெளியே போக வழி இல்லை. "எதிரி வர்றான், எல்லாரும் சாகணும்" என்று ராத்திரியில் ஒத்திகை நடத்தினார். 1978 நவம்பர் 18ந்தேதி அந்த ஒத்திகை நிஜமானது. சயனைடு கலந்த பானம் கொடுக்கப்பட்டது. அன்று மொத்தம் 918 பேர் செத்தார்கள். அதில் சுமார் 300 பேர் குழந்தைகள், சிறுவர்கள்.

முதல் நாளே "விஷம் குடி" என்று சொல்லி இருந்தால் ஒருத்தராவது போயிருப்பார்களா? முதல் நாள் கொடுத்தது சோறு. கடைசி நாள் கொடுத்தது விஷம். நடுவில் இருந்தது நூறு சின்னப் படி.

டெல்லி புராரியில் நடந்தது இன்னும் விநோதம். அங்கே சாமியாரும் இல்லை, ஆசிரமமும் இல்லை. ஒரே குடும்பம். மளிகைக் கடை வைத்திருந்த சாதாரண ஜனம். 2018 ஜூலை 1ந்தேதி காலை 11 பேர் பிணமாகக் கிடந்தார்கள். அப்பா செத்த பிறகு, அவர் ஆவி தன் மூலம் பேசுவதாக ஒரு மகன் சொல்லி வந்திருக்கிறார். அந்த 'உத்தரவு'களை 11 வருஷமாக நோட்டில் எழுதி வைத்து, அதன்படி நடந்திருக்கிறார்கள். அந்தச் சாவும் நோட்டில் இருந்த ஒரு சடங்குதான். சாக வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அப்பா ஆவி வந்து காப்பாற்றும் என்றே நம்பினார்கள் என்பது விசாரணையில் தெரிய வந்தது. இரண்டு வாரம் முன்னாடிதான் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மூச்சு விடவில்லை.

எப்படி வலை விரிக்கிறார்கள்?

சீனாவில் பிடிபட்டு, மனசை மாற்றும் முயற்சிக்கு ஆளாகித் திரும்பியவர்களை ஆராய்ந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன். 1961ல் அவர் எழுதிய புத்தகத்தில் இதற்கு 8 அடையாளம் சொன்னார். கும்பல்கள் வலை விரிக்கிற விதத்தை நம்ம பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்.

முதலில் பாசத்தைக் கொட்டுவார்கள். வீட்டில் ஒருத்தரும் கேட்காததை அவர்கள் கேட்பார்கள். "சாப்டியா தம்பி? உனக்கு என்ன கஷ்டம்?" அடுத்து நேரத்தைப் பிடுங்குவார்கள். வாரம் ஒரு நாள் கூட்டம் தினமும் ஆகும், அப்புறம் ராத்திரி பூரா ஆகும். தூக்கம் கெடும், சாப்பாடு குறையும். தூக்கம் கெட்ட மூளைக்குக் கேள்வி கேட்கிற தெம்பு இருக்காது.

மூன்றாவது, ரகசியத்தை வாங்குவார்கள். பண்ணிய தப்பை எல்லாம் சொல்ல வைப்பார்கள். பிற்பாடு அதுவே கழுத்துக்குக் கத்தி. நான்காவது, உறவை வெட்டுவார்கள். "உன் வீட்டுக்காரங்கதான் உனக்குத் தடை" என்பார்கள். கடைசியாகத்தான் பணம், நகை, வீடு, உடம்பு எல்லாம்.

ஆக, காசு போவது கடைசிக் கட்டம். உறவு அறுவதுதான் முதல் அபாயச் சங்கு. அண்ணன் தங்கச்சியோடு பேசுவதை நிறுத்தும்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். நகை போன பிறகு விழித்து என்ன பிரயோஜனம்?

யார் மாட்டுகிறார்கள்?

படிக்காதவன்தான் மாட்டுவான் என்று நினைத்தால் தப்பு. டோக்கியோவில் 1995ல் சுரங்க ரெயிலில் விஷவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோ கும்பலில் டாக்டரும் விஞ்ஞானியும் இருந்தார்கள். படிப்பு காப்பாற்றாது. மனசு எப்போது பலவீனமாக இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வீட்டில் சாவு விழுந்த நேரம். வேலை போன நேரம். காதல் முறிந்த நேரம். தீராத வியாதி வந்த நேரம். நம்ம பக்கத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். மீன்பிடி தடைக்காலம் வந்தால் 61 நாள் போட்டு கடலுக்குப் போகாது. ஹார்பரிலும் மணலி கம்பெனிகளிலும் கான்ட்ராக்ட் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. கடன்காரன் வாசலில் நிற்பான். அந்த நேரத்தில் தோளில் கை போட்டு "நான் இருக்கேன்" என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது?

சாமி கும்பிடுவது தப்பா? இல்லவே இல்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போங்கள், ராயபுரம் ராயப்பர் கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள். யாரும் வாசலைப் பூட்டுவதில்லை. வரலாம், போகலாம், நாலு மாசம் வராமலும் இருக்கலாம். கேள்வி கேட்டால் விரட்ட மாட்டார்கள். "விட்டுப் போனால் நாசமாப் போவே" என்று எங்கே மிரட்டுகிறார்களோ, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அங்கே எந்தச் சாமி படம் மாட்டி இருந்தாலும் சரி.

வியாதியாகவும் இருக்கலாம்!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆள் திடீரென்று மாறினால் எல்லாமே கும்பல் வேலை இல்லை. காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் ராப்பகலாகப் பேசுவது, தானே கடவுள் என்பது, வீட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுவது - இதெல்லாம் மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். கஞ்சா, மாத்திரை போதையாலும் வரும். தைராய்டு கோளாறு, மூளையில் கட்டி இருந்தாலும் குணம் மாறும். மருந்துக்குக் கேட்கிற நோயைப் பேய் என்று சொல்லி மந்திரவாதியிடம் கொண்டு போனால் என்ன ஆகும்?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்டு 6ந்தேதி விடியற்காலை மனநோயாளிகள் தங்கி இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ம் வருஷ மனநலச் சட்டமே சொல்கிறது.

நம்ம பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற நம்பருக்கு போன் போட்டால் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். முதலில் டாக்டர், மற்றதெல்லாம் பிறகு.

மீட்பது எப்படி?

1970களில் அமெரிக்காவில் சில பெற்றோர் ஆள் வைத்துப் பிள்ளையைக் கடத்தி வந்து, அறையில் பூட்டி 'புத்தி' சொல்லிப் பார்த்தார்கள். சில பிள்ளைகள் இன்னும் தூரமாகப் போனார்கள். கடத்தியவர்கள் கோர்ட்டு படி ஏறினார்கள். நம்ம ஊரிலும் வயசுக்கு வந்தவர் "என் இஷ்டப்படிதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் கோர்ட்டே கட்டாயப்படுத்தாது.

ஆனால் நல்ல சேதி ஒன்று உண்டு. லண்டன் பேராசிரியை எலீன் பார்க்கர் இப்படி ஒரு இயக்கத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1984ல் புத்தகம் வெளியிட்டார். அவர்களுடைய பயிற்சி முகாமுக்குப் போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலானோர் இரண்டு வருஷத்துக்குள் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். அதாவது, மயக்கம் தெளியும். தெளிகிறபோது திரும்பி வர ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் திட்டாதீர்கள். "உன் குரு திருடன்" என்று சொன்னால் உங்களைத்தான் எதிரியாக நினைப்பான். அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் குழம்பு வைத்தால் ஒரு போன் போடுங்கள். தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து என்றால் கூப்பிடுங்கள். பழைய கூட்டாளியை அனுப்பி வையுங்கள். வாதம் வேண்டாம், கேள்வி போதும். "ராத்திரி தூங்குறியா?", "கொடுத்த காசுக்கு ரசீது இருக்கா?", "ஒரு மாசம் போகலைன்னா என்ன சொல்வாங்க?" பதிலை அவனே யோசிக்கட்டும்.

அதே நேரத்தில் வீட்டுப் பத்திரம், நகை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அவன் பெயரில் புதுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினால், அடித்தால், பட்டினி போட்டால் பொறுக்க வேண்டாம். உடனே 1098. பெண்களுக்குத் தொல்லை என்றால் 181. அடைத்து வைத்தாலோ, மிரட்டிப் பணம் பறித்தாலோ நேராகப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

"போனவன் போகட்டும், தலை முழுகிட்டோம்" என்று கோபத்தில் சொல்கிறோம். கும்பல் எதிர்பார்ப்பதும் அதே வார்த்தையைத்தான். வீட்டுக் கதவை நாம் சாத்தினால், அவனுக்கு அவர்கள் கதவு ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.