துப்பாக்கியா, காணியுறுதியா?

குறைந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கியைத் தெரிவு செய்வது எங்ஙனம்? அமெரிக்காவில் இது பெரும்பாலும் கடை மேசையோடு முடிந்துவிடுகின்ற கேள்வி. சுழல்துப்பாக்கியா தானியங்கியா, புதியதா பிறர் பாவித்ததா, ரவைப் பெட்டி ஒன்றின் விலை என்ன என்பவற்றை விற்பவனும் வாங்குபவனும் பேசித் தீர்த்துக்கொள்வர். அதே கேள்வி ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஓர் இளைஞனின் வாயிலிருந்து எழும்போது அதன் பொருள் முற்றிலும் வேறாகிவிடுகின்றது. 'அன்றைக்கு நம் கையிலும் ஒன்று இருந்திருந்தால்' என்ற பெருமூச்சிலிருந்து பிறக்கின்ற கேள்வி அது. அப்பெருமூச்சை எள்ளி நகையாடுவோர் மலையகத்தின் வரலாற்றை அறியாதோர். அப்பெருமூச்சையே ஓர் அரசியலாக்கித் தர முனைவோரோ அவ்வரலாற்றை அறிந்தும் மறைப்போர்.

தேயிலை மலைகளிலே துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே வெள்ளையரின் துப்பாக்கி அங்கு வந்துவிட்டது. பதுளையிற் பதவி வகித்த மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனச் சொல்லப்படுகின்றது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையிலும் பின்னர் இடி விழுந்தது என்பதை ஊரார் இன்றும் ஒரு திருப்தியோடுதான் சொல்கின்றனர். யானை ஒழிந்த காட்டிற் கோப்பி வந்தது. கோப்பி அழிந்த மலையில் தேயிலை வந்தது. தோட்டத்துரைமார் வேட்டைக்காரராக மட்டும் நின்றுவிடவில்லை. 1900ஆம் ஆண்டில் 'இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை' என்ற தொண்டர் படையாக அவர்கள் அணிதிரட்டப்பட்டனர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் ஐரோப்பியருக்கே இடமிருந்தது. போவர் யுத்தத்திற்கும் முதலாம் உலக யுத்தத்திற்கும் அது ஆள் அனுப்பியது. 1915இல் சிங்கள, முஸ்லிம் மக்களிடையே கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, தோட்டத்துரைமாரும் ஏனைய வெள்ளைத் தொண்டர்களும் துப்பாக்கியோடு நாட்டுக்குள் இறங்கினர். விசாரணை எதுவுமின்றி மக்கள் சுடப்பட்ட கொடுமையைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும் நூலிலும் அம்பலப்படுத்தினார். இன்றுவரை நடைமுறையிலுள்ள சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகும். யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை எழுத்தில் விதித்த அச்சட்டம் அந்தக் கொடுமைக்கு அடுத்த ஆண்டிலே பிறந்தது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் துரையின் இடுப்பில் இருந்தது சுழல்துப்பாக்கி. தொழிலாளியின் மடியில் இருந்ததோ துண்டு. தொழிலாளி பட்ட கடனைத் தாளில் எழுதி, அக்கடனைத் தீர்க்கின்ற அடுத்த தோட்டத்திற்கு அவனையும் அவன் குடும்பத்தையும் கைமாற்றுகின்ற அத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துரைக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. கொழுந்திலிருந்து வந்தது. கூடையைச் சுமந்தவளே அவ்விலையையும் சுமந்தாள். குழலின் எதிர்ப்புறத்தில் நின்றவளும் அவளே.

துப்பாக்கி இத்தனை இருந்தும் தோட்டத்துரைமார் சங்கம் அஞ்சி நடுங்கியது எதற்கு? மடுல்கலை றெலுகஸ் தோட்டத்திலே தொழில் பழக வந்த பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞனுக்கு! தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையிழந்த அவன், 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் ஏறிப் பேசினான். அவ்வளவே. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவனை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவன் மறைந்து திரிந்தான். ஈற்றில் உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஒரு துரைமகன் கையில் ஆயுதமின்றி மேடையில் நின்றபோது ஆட்டங்கண்டது தோட்ட ஆட்சி.

மூன்றாண்டு கழியுமுன் அதே ஆட்சி தன் துப்பாக்கியைப் பேசவைத்தது. ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்திலே 1940 ஜனவரி 10ஆம் நாள், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் சூட்டில் உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதல் தியாகியாக எண்ணுகின்றது. விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வா, பொலிசாரும் தோட்ட நிருவாகமும் எங்ஙனம் கைகோத்து நின்றனர் என்பதை வெளிக்கொணர்ந்தார். முல்லோயாவிலே தொழிலாளர் திருப்பிச் சுட்டிருந்தால் அவ்விசாரணைக்கே இடமிருந்திருக்குமா? அடுத்த ஆண்டே அதற்கு விடை கிடைத்தது. 1941இல் புப்புரஸ்ஸை ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களது நெஞ்சுரத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. எனினும் ஒரு துரை போனதும் மற்றொரு துரை வந்தார். மறுநாட் காலையிலும் பிரட்டுக்களத்தில் கொம்பு ஊதப்பட்டது.

சுதந்திரத்தின் பின் துப்பாக்கி நிறம் மாறியதேயன்றித் திசை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளிலே ஏழாயிரம் ஏக்கரைப் பங்கிட முற்பட்டபோது எதிர்த்துத் திரண்ட டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டுக்கு இரையானான். அவன் விழுந்தது காணிக்காக என்பதை மறத்தலாகாது. அவன் உயிர் போனது. ஆனால் அக்காணிப் பங்கீடும் நின்றுபோயிற்று. மலைத்தொடரெங்கும் கைவிட்ட வேலை அதைச் செய்வித்தது.

இனி, எதிர்வாதம். அது வலியது, தட்டிக்கழிக்கத்தக்கதன்று. 1977 ஆகஸ்டிலும் 1981இலும் காடையர் லயங்களைச் சூறையாடினர். 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்தில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. அப்பொழுது கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் ஒரு குடும்பமாவது தப்பியிராதா என்று கேட்கின்ற தந்தைக்கு வரலாற்றுப் பாடம் ஆறுதல் தராது. ஆயினும் 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவௌவில் நடந்ததை அத்தந்தையோடு சேர்ந்து எண்ணிப்பார்த்தல் வேண்டும். புனர்வாழ்வு முகாமிலே இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலால் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அங்கே துப்பாக்கிக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆயுதந் தாங்கிய பொலிசார் காவல் நின்ற இடம் அது. தண்டனை பெற்றிருந்தோரும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். துப்பாக்கி இருந்தும் காப்பாற்றாதவனிடம் கணக்குக் கேட்க வழியின்மையே அன்று அவ்விளைஞரைக் கொன்றது.

மேலும், அத்தகைய நாட்களிலே லயத்தில் கண்டெடுக்கப்படும் ஒரு துப்பாக்கி எவருக்குப் பயன்படும்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், ஒன்றுமே கண்டெடுக்கப்படாத தோட்டத்து இளைஞரையும் ஆண்டுக்கணக்கிற் சிறையில் அடைத்தது. சந்தேகத்திற்கே அவ்வளவு விலையென்றால் சான்றுக்கு என்ன விலை? மலிவான துப்பாக்கி என்றொன்று இந்நாட்டில் உண்டு. சிங்களத்தில் 'கல்கட்டாஸ்' என வழங்கும் அந்த உள்ளூர்க் கைவேலை, தன் எசமானின் விரல்களையும் பதம்பார்க்கும் என்பதை விற்பவன் சொல்வதில்லை. 1977இன் பின் வன்னிக்கு ஓடிக் குடியேறிய மலையக மக்களின் பிள்ளைகளுக்கோ விலையின்றியே துப்பாக்கி கிடைத்தது. 2009 மே மாதம்வரை அவர்களுள் எத்தனைபேர் முன்னரணில் நின்றனர், எத்தனைபேர் மீண்டனர் என்பதைப் பற்றி மேடைகள் பேசக் கூசுகின்றன.

ஒருவன் சட்டப்படி வாங்கவே விரும்புகின்றான் எனக் கொள்வோம். 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதங் கழிய 31,050 ரூபா. கோதுமை மாவும் பிள்ளைகளின் கொப்பியும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை எழுதத் தேவையில்லை. ஆனால் பணம் மட்டுமே தடை என்று எண்ணுவதுதான் தவறு. கைத்துப்பாக்கிக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சு. உயிராபத்து உண்டென்று அதை நம்பவைத்தல் வேண்டும். செல்வாக்குள்ளோர் பலரை அது எளிதில் நம்பியது போலும். தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படையுங்கள் என்று 2024 நவம்பரில் அதே அமைச்சு பணிக்கவேண்டியதாயிற்று. பயிர்க் காவலுக்கு வேட்டைத் துவக்கு வேண்டுவோன் தன் காணிக்கு ஆவணங் காட்டவேண்டும். லயத்தின் பின்னே மரக்கறி நட்டுக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுப்பவனிடம் பன்றி உண்டு, பயிர் உண்டு, காணியுறுதி மட்டும் இல்லை. ஆகவே அவன் கம்பிச் சுருக்கு வைக்கின்றான். ஏழையின் வரவுசெலவுக்குள் அடங்கும் ஆயுதம் அதுவே. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபானத் தோட்டப் பகுதியில் அத்தகைய சுருக்கொன்றில் அகப்பட்டு அரிய கருஞ்சிறுத்தை ஒன்று மாண்டபோது நாடே கண்ணீர் வடித்தது. சுருக்கு வைப்பவனுக்கு ஏன் வேலியடைக்கவும் ஒரு துண்டுக் காணி இல்லை என்று எவரும் கேட்கவில்லை.

துப்பாக்கிப் பேச்சு மறைப்பது இதனையே. நாடற்றவன் காலப்போக்கில் குடியுரிமையை மீட்டான், வாக்குரிமையையும் மீட்டான். ஆயிரம் ரூபாச் சம்பளத்திற்காக 2018 ஒக்டோபரிலே கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்ட மலையக இளைஞரின் கையில் ஒரு கத்திதானும் இருக்கவில்லை; தொழிற்சங்கத் தலைவர்களையே திகைக்கவைத்த கூட்டம் அது. அத்தொகை 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. காலந்தாழ்த்தி வந்ததென்பதும், அதற்குள் விலைவாசி அதனை விழுங்கத் தொடங்கிவிட்டதென்பதும் உண்மையே. எனினும் வந்தது. வராமல் நிற்பது காணி. தனி வீட்டுத் திட்டங்களிற் பேசப்பட்டது 7 பேர்ச். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். இருநூறு ஆண்டு உழைப்பின் பங்கு ஏக்கரில் இருபத்துமூன்றில் ஒன்று! அதற்கும் உறுதி எழுதித்தர எத்தனை தயக்கம், எத்தனை விழா, எத்தனை புகைப்படம்.

1992இல் அரசு தோட்டங்களின் நிருவாகத்தைத் தனியார் கம்பனிகளுக்குக் கையளித்தது. ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகை 2045இல் முடிவுறும். அன்று இம்மலைகள் எவர் பெயரில் எழுதப்படும் என்ற பேச்சு கொழும்பிலே கம்பனி மேசைகளில் இப்பொழுதே தொடங்கியிருக்கும். அம்மேசையில் ஒரு நாற்காலி கேட்டு இன்றே குரலெழுப்பவேண்டிய தோட்டத்து இளைஞனை, ஒரு மூலையில் அழைத்துப்போய் ரவையின் விலை பேசவைப்பவன் எவனாயினும், அவன் அந்தக் கம்பனிகளிடம் கூலி வாங்காமலே அவற்றுக்கு ஊழியஞ் செய்கின்றான்.