துடைப்பத்தை எடுக்குமுன்...

ஐப்பசி பிறந்தாலே நமக்கு வேலை இரட்டிப்பு. காயாத துணி, குழந்தைக்குச் சளி, ஒழுகும் கூரை. இந்த அமளியில் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்கிறீர்களா? தண்ணீர் புகுந்தால் வீட்டுக்குள் நஷ்டத்தை முதலில் பார்ப்பது அநேகமாக நாம்தான். முதல் இரண்டு நாளில் நாம் செய்வதைப் பொறுத்துத்தான் நஷ்ட ஈடும்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை புரண்டபோது, சென்னை ஜாபர்கான்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபின் நான் போய்ச் சேர்ந்தேன். துடைப்பமும் கையுமாக நின்றாள். "அண்ணி, எல்லாத்தையும் வாரித் தெருவுல போட்டுடப் போறேன். நாத்தம் தாங்கலை."

"இரும்மா, முதல்ல போட்டோ" என்றேன்.

சேறும் சகதியுமாக அப்படியே எடுத்தோம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை, பக்கத்தில் தையல் டேப்பைப் பிடித்து ஒரு படம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டியிருக்கும் நம்பரை ஒரு படம். அன்றைக்கே கம்பெனிக்கு போனில் சொல்லி, புகார் எண்ணைக் காலண்டரில் குறித்தோம். ஊறிப்போன மெத்தையையும் அரிசியையும் குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்க முடியாதே! படம் எடுத்து, கம்பெனிக்கும் தெரிவித்துவிட்டுத்தான் அப்புறப்படுத்தினோம். மின்சாதனங்களை மட்டும் ஸர்வேயர் வந்து பார்க்கும்வரை தொடவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார். மோட்டார் வைத்த தையல் மிஷினைப் பார்த்து, "துருதானே, துடைச்சா சரியாயிடும்" என்றார். அவர் வீட்டு மிஷினாக இருந்தால் தெரியும்! நாங்கள் கேட்டது 1,38,000 ரூபாய். வந்த கடிதத்தில் 51,000. கூடவே, 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட ஒரு தாள்.

இந்தத் தாளில்தான் பல பெண்கள் ஏமாந்து போகிறார்கள். கைக்குக் காசு வந்தால் போதும் என்ற நேரம் அது. கையெழுத்துப் போட்டாலும் கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை போய்விடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும் போடாமல் இருப்பதே நல்லது. போட்டே ஆகவேண்டுமானால், 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிப் போடுங்கள். நாத்தனார் போடவில்லை. ஸர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு எழுதினாள். அதில் தையல் மிஷினும் கிரைண்டரும் அடியோடு விடுபட்டிருந்தன.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் நின்ற வண்டியை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவி திருகினால் என்ஜினுக்குள் நீர் ஏறிக் கெட்டுவிடும். அது வெள்ளத்தால் நேரடியாக வந்த நஷ்டமில்லை என்று கம்பெனி கைவிரிக்கக்கூடும். என்ஜினுக்கென்று தனிக் காப்பு இல்லாதவர்கள் சாவியை வாங்கி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வையுங்கள்.

சரி, கம்பெனி அசையவில்லை என்றால்? வக்கீல் வீட்டுப் படி ஏறுமுன் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வைத்துக்கொள்ள முடியாது, நாமே பேசவேண்டியதுதான். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இவரிடம் போகலாம். 2023 முதல் 50 லட்சம் ரூபாய் வரை நஷ்ட ஈடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் சொல்லும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இந்தக் கதவு திறக்காது. ஆகவே எங்கே முதலில் போவது என்று யோசித்துச் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷ அவகாசம் இருக்கிறது.

நாத்தனார் ஆம்பட்ஸ்மனிடம்தான் போனாள். டேப் தெரிகிற அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தாளாம். எல்லாம் முடிய ஏழு மாதம் ஆயிற்று, கிடைத்தது 93,000. தையல் மிஷின் அதில் சேர்ந்தது, கிரைண்டருக்குப் பாதிதான் தந்தார்கள்.