அழுகுணி ஆட்டம்

சின்ன வயசில் கோலி ஆடும்போது தோற்கிற பையன் 'இது செல்லாது, முதல்லேர்ந்து ஆடணும்' என்பான். அழுகுணி என்று விரட்டிவிடுவோம். 2002இல் அமெரிக்க ராணுவம் 25 கோடி டாலர் செலவு பண்ணி இதே ஆட்டத்தை ஆடியது.

'மில்லேனியம் சேலஞ்ச்' என்று பெயர். பாதி நிஜப் படை, பாதி கம்ப்யூட்டருக்குள். மொத்தம் 13,500 பேர். நீலப்படை அமெரிக்கா. சிவப்புப்படை, வளைகுடாவில் பேர் சொல்லாத ஒரு நாடு. சிவப்புக்குத் தலைவர் பால் வான் ரைப்பர், வியட்நாமில் சண்டை போட்ட ஓய்வுபெற்ற ஜெனரல்.

ஒட்டுக்கேட்பார்கள் என்று தெரிந்து அவர் ரேடியோவையே தொடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டுத் தகவல் சொன்னார். நீலம் சரணடையக் கெடு வைத்ததும் முந்திக்கொண்டு ஏவுகணைகளை ஒரே மூச்சில் வீசினார், கூடவே சின்னச் சின்னப் படகுகள். விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்கள் திரையில் மூழ்கின. நிஜமென்றால் 20,000 பேர் செத்திருப்பார்களாம்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். மூழ்கின கப்பல்களை மிதக்கவிட்டார்கள். படைகளுக்குப் பயிற்சி பாக்கியிருக்கிறது என்றார்கள். சரி, அது நியாயம்தான். ஆனால் ராடாரைப் போட்டு வை, நாங்கள் அடிக்கணும். ஆள் இறக்கும் விமானங்களைச் சுடாதே என்றும் சிவப்புக்கு உத்தரவு போனது. ரைப்பர் தலைமையை விட்டு விலகினார். தங்கள் கோட்பாடு ஜெயிக்கிற மாதிரி ஆட்டத்தை எழுதிவைத்துவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

நான் வங்கி குமாஸ்தா. சாயங்காலம் கேஷ் இருபது ரூபாய் இடித்தாலும் ராத்திரிவரை உட்கார்ந்து தேடுவோம். தொகையைத் திருத்தி நேராக்குகிறவனுக்கு வேலை போகும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்கிறார்கள். நாம் போட்ட விதியைத்தான் அது திருப்பிச் சொல்லும். எதிராளிக்குப் புத்தி கிடையாது, வாங்குகிற அடியை வாங்கிக்கொண்டு நிற்பான் என்று எழுதினால் திரையிலும் அப்படியே நிற்பான். கீழே இருக்கிறவனுக்கு மூளை உண்டு என்று மேலே இருக்கிறவன் எந்தக் காலத்தில் கணக்கில் சேர்த்தான்? நமக்கு இது புதுசில்லை.

2003 மார்ச்சில் ஈராக்குக்குள் போனார்கள். ஒரு வாரத்தில் ஜெனரல் வில்லியம் வாலஸ் பத்திரிகைக்காரர்களிடம் ஒத்துக்கொண்டார்: நாங்கள் விளையாடிப் பார்த்த எதிரி வேறு, இங்கே சண்டை போடுகிற எதிரி கொஞ்சம் வேறு. 2011 டிசம்பரில் படைகள் வெளியேறும்போது செத்திருந்த ஈராக்கியப் பொதுமக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்.